மாதம் இருபதா, மாதம் ஒன்றா? செக்கு எண்ணெய்க் கடைக்குக் கட்டுரை எழுதப் போன கதை

போன ஆடியில் மாமா ஒரு தாளை என் முன்னால் போட்டு, "இதப் பாரு கண்ணு, மாசம் இருபது கட்டுரை எழுதித் தர்றாங்களாமா, நீ ரெண்டுக்கே மூக்கால அழுவற" என்றார். மாமாவுக்கு வெள்ளகோவில் பக்கம் மரச்செக்கு. இரண்டு செக்கு, நாலு ஆள், முன்னால் கடை, பின்னால் கடலையும் கொப்பரையும் காயப்போடும் களம், மொத்தத் தொழிலும் அவ்வளவுதான். இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நான். ஆன்லைன் ஆர்டர் கொஞ்சம் கூடட்டுமே என்று அதில் கட்டுரைகள் போட ஆரம்பித்து, எத்தனை போடுவது என்ற கேள்வியில் வந்து நின்றுவிட்டோம்.

அந்தத் தாள் ஒரு ஏஜென்சியின் கொட்டேஷன். மாதம் இருபது கட்டுரை, ஒவ்வொன்றும் 800 வார்த்தை, படமும் அவர்களே போட்டுவிடுவார்கள். வகுத்துப் பார்த்தால் கட்டுரை ஒன்றுக்கு ஒரு லிட்டர் நல்லெண்ணெய் விலைகூட வரவில்லை. எதிர்ப்பக்கம் என் யோசனை: மாதம் ஒன்று, தெம்பிருந்தால் இரண்டு, மாமா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு நானே எழுதுவது. நடுவில் வாரம் ஒன்று என்று ஒரு சமாதானத் திட்டமும் இருந்தது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இருபதின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடலாம். எந்தக் கேள்வியைத் தேடிக்கொண்டு ஆள் வருவார் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது, அதனால் நிறைய தூண்டில் போட்டால் ஏதாவது ஒன்றில் மாட்டும் என்பது சரியான வாதம்தான். எழுத எழுதத்தான் கை பழகும் என்பதும் சரி. அதோடு தமிழில் பல விஷயங்களுக்கு இன்னும் உருப்படியாக ஒரு பக்கம்கூட இல்லை, ஆங்கிலத்தில் நூறு பேரோடு முட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் தமிழில் சுமாராக எழுதினாலே முன்னால் நிற்கலாம் என்று ஏஜென்சிக்காரர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

இந்த மாதிரிப் பேச்சில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆள் ஒருவர் இருக்கிறார், அமெரிக்காவில் வர்ஜீனியாவைச் சேர்ந்த மார்கஸ் ஷெரிடன். ரிவர் பூல்ஸ் என்று நீச்சல் குளம் அமைத்துத் தரும் சின்ன கம்பெனியின் பங்குதாரர். 2008 நிதி நெருக்கடியில் கம்பெனி மூழ்கும் நிலைக்குப் போனபோது, விளம்பரத்துக்குக் காசில்லாமல், வாடிக்கையாளர்கள் தன்னிடம் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து இணையதளத்தில் பதில் எழுத ஆரம்பித்தார். அதில் ஒன்று, ஃபைபர்கிளாஸ் குளத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பது. அந்தத் தொழிலில் விலையை நேரில் வந்தால்தான் சொல்வார்கள், இவர் வெளியே சொல்லிவிட்டார். அந்த ஒரே கட்டுரை வழியாக வந்த வியாபாரம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியதாக அவரே பிறகு கணக்குக் காட்டினார். "பாத்தீங்களா, எழுதிக் குவிச்சாரு, ஜெயிச்சாரு" என்பது ஒரு கட்சி. "ஒரே ஒரு கட்டுரைதான் சோறு போட்டது" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே பாதி உண்மை. அவர் நிறையத்தான் எழுதினார், ஆனால் எழுதியதெல்லாம் யாரோ ஒருவர் அவரிடம் உண்மையிலேயே கேட்ட கேள்வி. இருபது என்ற எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு அதை எதை வைத்து நிரப்புவது என்று அவர் தேடவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் தெளிவு வந்தது இங்கேதான்.

சரி, ஏஜென்சி அனுப்பிய மாதிரிக் கட்டுரைகளுக்கு வருவோம். மூன்று வந்தன: தேங்காய் எண்ணெயின் 15 நன்மைகள், நல்லெண்ணெயின் 12 நன்மைகள், கடலை எண்ணெய் தயாரிக்கும் பாரம்பரிய முறை. எழுத்துப்பிழை கிடையாது, வாசகம் வழவழவென்று ஓடுகிறது. மூன்றாவதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடலையைச் செக்கில் போட்டு, பாதி ஆட்டியதும் கருப்பட்டி சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி வந்தது. மாமா கையில் இருந்த டீ கிளாஸை வைத்துவிட்டு, "கடலைக்கு எவன்டா கருப்பட்டி போடறான்?" என்றார். கருப்பட்டி எள்ளுக்குப் போடுவது, இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். படத்தில் எருது பூட்டிய செக்கு. எங்கள் செக்கு ஓடுவது மோட்டாரில். அந்தப் படத்தை நம்பி கோயம்புத்தூரிலிருந்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மாடு பார்க்க வருகிறவருக்கு யார் பதில் சொல்வது?

கருப்பட்டியாவது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. நல்லெண்ணெய்க் கட்டுரையில் சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும் என்று இருந்தது. சின்னக் கடைக்காரர்கள் நிறைய பேருக்கு இதில் இருக்கும் வில்லங்கம் தெரிவதில்லை, கட்டுரை விளம்பரம் இல்லையே என்று நினைத்துக்கொள்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006, விளம்பரம் என்றால் என்ன என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஒளி, ஒலி, புகை வரைக்கும் அடுக்கிவிட்டு இணையதளத்தையும் சேர்த்திருக்கிறது, லேபிளும் பில்லும்கூட உண்டு. தவறான விளம்பரத்துக்கு அதே சட்டத்தின் 53-ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓர் உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று அனுமதியில்லாமல் சொல்லக்கூடாது என்று 2018-இல் விளம்பரங்களுக்கான தனி விதிமுறைகளும் வந்துவிட்டன. கட்டுரையை எழுதியது யாராக இருந்தாலும், பக்கத்தின் அடியில் இருக்கும் லைசன்ஸ் எண் மாமாவுடையது.

அப்படியானால் வருகிற இருபதையும் வரிக்கு வரி படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். இங்கேதான் கணக்கு தலைகீழானது. ஒரு கட்டுரையைப் படித்து, சந்தேகத்தை மாமாவிடம் கேட்டு, திருத்த அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருபதுக்குப் பத்து மணி நேரம். நானே உட்கார்ந்து எழுதினால் ஒரு கட்டுரைக்குப் போட்டோ எடுப்பது உட்பட ஐந்து மணி நேரம் ஆகிறது. பத்து மணி நேரத்தில் இரண்டு முடிந்துவிடும். ஆக, மலிவு என்று நினைத்த வழியில் என் நேரம் ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை, காசு வேறு தனியாகப் போகிறது. படித்துப் பார்க்காமல் போட்டால்தான் மிச்சம். படித்துப் பார்க்காமல் எதையும் கடையின் பெயரில் போடுவதாக இல்லை.

கூகுள் பக்கத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இருபது கட்டுரை வாதத்தின் முதுகெலும்பே "கூகுளுக்கு நிறைய வேணும்" என்பதுதான். ஒரு காலத்தில் அது ஓரளவு உண்மை. 2011 பிப்ரவரியில் பாண்டா என்று பெயர் வைத்த மாற்றத்தைத் தன் தேடல் வரிசையில் கூகுள் கொண்டுவந்தபோதே அமெரிக்காவில் 11.8 சதவீதத் தேடல்களுக்கு வரும் முடிவுகள் மாறின, மெலிந்த கட்டுரைகளை மலைபோலக் குவித்த தளங்கள் பல அதில் அடிவாங்கின. 2022 ஆகஸ்டில் மறுபடியும், தேடுபொறிக்காக எழுதப்பட்டதைக் கீழே தள்ளி ஆளுக்காக எழுதப்பட்டதை மேலே கொண்டுவரும் மாற்றம். அதே வருடம் டிசம்பரில், தேடல் முடிவுகளின் தரத்தை எடைபோட கூகுள் வைத்திருக்கும் ஆட்களுக்குக் கொடுக்கும் வழிகாட்டியில் சொந்த அனுபவம் என்ற அளவுகோலைப் புதிதாகச் சேர்த்தார்கள். 2024 மார்ச்சில், தேடலில் முன்னால் வருவதற்காகவே பக்கங்களைக் கொத்துக் கொத்தாக உற்பத்தி செய்வது ஸ்பேம் என்று விதியாகவே எழுதிவிட்டார்கள், மனிதர் எழுதினாலும் மெஷின் எழுதினாலும் ஒன்றுதான். 800 வார்த்தை என்ற கணக்குக்கும் ஆதாரம் கிடையாது, எங்களுக்குப் பிடித்த வார்த்தை எண்ணிக்கை என்று ஒன்று இல்லை என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்கிறது.

இதில் இன்னொன்று. ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி ஏழு பக்கம் எழுதினாலும், 2019 ஜூனில் வந்த மாற்றத்துக்குப் பிறகு முதல் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு தளத்துக்கு இரண்டு இடத்துக்கு மேல் கிடைப்பதில்லை. மிச்சம் ஐந்தும் ஒன்றையொன்று காலை வாரிவிடும் வேலைதான் செய்யும். மாதம் இருபது வீதம் வருடத்துக்கு 240 கட்டுரை, செக்கு எண்ணெயைப் பற்றி 240 தனித்தனி விஷயம் மாமாவுக்கே தெரியாது.

அதைவிடப் பெரிய அடி 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும் விழுந்தது. நல்லெண்ணெயின் 12 நன்மைகளை யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றான பிறகு, அதை எழுதிவைத்திருப்பதில் என்ன பெருமை? கூகுளும் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே பதிலைச் சுருக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது, 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில் அங்கேயே கிடைத்துவிடும்போது எங்கள் பக்கம் வரைக்கும் ஆள் ஏன் வர வேண்டும்?

ஆனால் நுரைக்கு வருகிறார்கள்.

கடையில் பில் போடும் மேஜையில் பழைய காலண்டர் அட்டை ஒன்று கிடக்கும், நூல் கட்டிய பேனாவோடு. போனில் யார் என்ன கேட்டாலும் அதன் பின்பக்கம் இரண்டு வார்த்தையில் குறித்து வையுங்கள் என்று கடையில் இருக்கும் அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அட்டை நிறைய நுரை. "ஏனுங்க, கடலெண்ணெயில பலகாரம் சுட்டா நொர நொரயா பொங்குதுங்க, ஏதாச்சும் கலந்திருக்குமுங்களா?" இதே கேள்வி ஒன்பது தடவை, வேறு வேறு வாயில். கலப்படம் இல்லை, சுத்திகரிக்காத எண்ணெயில் இயற்கையான பசைப்பொருளும் துளி ஈரமும் தங்கியிருக்கும், ரீஃபைன்ட் எண்ணெயில் அதையெல்லாம் எடுத்துவிடுவார்கள். மண்டி, அதாவது அடியில் படியும் கசடு, சரியாகத் தெளியாமல் பாட்டிலில் அடைத்தால் பொங்கல் இன்னும் கூடும். மாமா இதைப் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோயிருந்தார்.

அதைத்தான் முதல் கட்டுரையாக எழுதினேன். எண்ணெயை வடித்து வெயிலில் தெளியவைக்கும் பாத்திரத்தை முதல் நாளும் மூன்றாம் நாளும் ஒரே இடத்தில் வைத்துப் போட்டோ எடுத்தேன், அடியில் மண்டி படிவது தெரியும். மாமா வீட்டு அடுப்பில் அத்தையை முறுக்கு சுட வைத்து, நுரை எழும்புவதையும் நாலைந்து ஈடு போனதும் அடங்குவதையும் எடுத்தேன். சட்டியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், மாவில் ஈரம் அதிகமாக இருந்தாலும் பொங்கும், எண்ணெய் நன்றாகக் காயட்டும் என்று அத்தை சொன்னதையெல்லாம் அவர் பாஷையிலேயே போட்டேன். எங்கள் பக்கம் தப்பு இருக்கக்கூடிய இடத்தையும் மறைக்கவில்லை: மழைக்காலத்தில் அவசரப்பட்டு அடைத்த பாட்டில் என்றால் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம் என்று எழுதினேன். மாமாவுக்கு அந்த வரி பிடிக்கவேயில்லை, இரண்டு நாள் முனகிக்கொண்டிருந்தார்.

கட்டுரை கூகுளில் ஏறியதோ இல்லையோ, முதல் வாரத்திலேயே வேறு வேலை செய்ய ஆரம்பித்தது. நுரை என்று யார் போன் செய்தாலும் அக்கா வாட்ஸ்அப்பில் அந்த லிங்கை அனுப்பிவிடுகிறார். எண்ணிக்கையை வைத்து எழுதுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். நல்ல கட்டுரைக்கு முதல் வாசகர் தேடிக்கொண்டு வருகிற முகம் தெரியாதவர் இல்லை, ஏற்கனவே காசு கொடுத்துவிட்டுச் சந்தேகத்தோடு நிற்கும் வாடிக்கையாளர். தேங்காய் எண்ணெயின் 15 நன்மைகளை அவருக்கு அனுப்ப முடியாது, அவர் கேட்டது அது இல்லை.

இரண்டாவதாக எழுதியது விலை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு எங்கள் செக்கில் ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு போகிறது. கிலோ 130 ரூபாய் என்று வைத்தால் பருப்புக்கே 325. புண்ணாக்கு ஒன்றரை கிலோ மாதிரி திரும்ப வரும், கிலோ 40 என்றால் அதில் 60 ரூபாய் கழியும். மிச்சம் 265, அதற்கு மேல் ஆள் கூலி, கரண்ட், பாட்டில், லேபிள், 5 சதவீத ஜிஎஸ்டி. இதைப் படித்துவிட்டு, 200 ரூபாய்க்கு செக்கு எண்ணெய் எப்படி வேறொரு இடத்தில் கிடைக்கிறது என்ற கேள்வி படிக்கிறவருக்கே வரும், நான் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு பக்கத்தைப் பருப்பு விலை மாறும்போதெல்லாம் திருத்துகிறேன், பத்து நிமிட வேலை. தேதியை மட்டும் மாற்றிவிட்டுப் புதுசு மாதிரி காட்டும் தந்திரம் வேண்டாம், அப்படிச் செய்கிறீர்களா என்று கூகுளும் தன் வழிகாட்டியில் எச்சரிக்கையாகக் கேட்டிருக்கிறது.

இப்போது அந்த நடுவழி, வாரம் ஒன்று. கேட்பதற்கு நியாயமாக இருக்கும். என் அனுபவத்தில் இதுதான் மோசமான பேரம். நன்றாக எழுதுவதற்கு நேரம் போதாது, அள்ளிப் போடுவதற்கு எண்ணிக்கை போதாது. மூன்று வாரம் செய்து பார்த்தேன், மூன்றாவது வாரம் வியாழக்கிழமை ராத்திரி உட்கார்ந்து நானே நன்மைகள் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். தேதிக்குப் பயந்து எழுதினால் யார் கையும் அங்கேதான் போகும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கடையிலிருந்து ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருக்கிறது, கூகுள் மேப்பில் கடைப் பக்கத்தில் போட்டோ போடலாம். இன்றைக்கு எள் ஆட்டுகிறோம், நாளைக் காலை புது எண்ணெய் என்று ஒரு வரி போதும். அதற்குக் கட்டுரை வேஷம் எதற்கு?

எல்லாத் தொழிலுக்கும் மாதம் ஒன்றுதான் சரி என்று சொல்ல மாட்டேன். தினமும் விஷயமே மாறுகிற தொழில் என்றால் எண்ணிக்கைதான் சேவை: தங்கம் விலை போடும் நகைக்கடை, மீன் வரத்து சொல்லும் கடை, தேர்வு அறிவிப்புகளைத் தரும் டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையம், இவர்கள் வாரக்கணக்கில் மௌனமாக இருந்தால் வாடிக்கையாளர் போய்விடுவார். இன்னொரு ரகம், எழுதவே வராத முதலாளி. அவர் முதல் பத்துக் கட்டுரையைக் கை பழகுவதற்காக வேகமாக எழுதித் தள்ளட்டும், பிறகு அதில் ஏழைத் தூக்கிப்போடட்டும். வெளியே கொடுத்து எழுதுவதும் பாவமில்லை. அதே பணத்துக்கு இருபதுக்குப் பதில் இரண்டு கேட்டு, எழுதுகிறவரை ஒரு நாள் செக்குப் பக்கத்தில் உட்காரவைக்க ஒத்துக்கொள்கிற ஏஜென்சி கிடைத்தால் நான் சந்தோஷமாக அந்த வேலையைக் கொடுத்துவிடுவேன். எங்களுக்குக் கொட்டேஷன் தந்தவரிடம் இதைக் கேட்டேன், அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை என்றார்.

மெதுவான வழியில் இருக்கும் வலியையும் சொல்ல வேண்டும். முதல் ஐந்தாறு மாதம் தளம் வெறிச்சென்று இருக்கும். மாமா மாதிரி ஆள் தினமும் எட்டிப் பார்த்து "எத்தன பேரு வந்தாங்க" என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. எழுதுகிற ஒரு ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மாதம் காலி. கேள்வியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஐந்து மணி நேரமும் வீண். வாகை மரத்து உலக்கையைப் பற்றி ஆசை ஆசையாக ஒரு கட்டுரை எழுதினேன், எனக்கு அதுதான் பிடித்தது, அதைப் பற்றி இன்று வரை யாரும் போன் செய்ததில்லை. இருபது போடுகிறவருக்கு இந்தத் தோல்வி உறைக்காது, இரண்டு போடுகிறவருக்கு நன்றாக உறைக்கும்.

ஏற்கனவே அறுபது எழுபது கட்டுரை குவித்துவைத்துவிட்டு இதைப் படிக்கிறவர்களுக்கு: எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் அழிக்க வேண்டாம். கூகுள் சர்ச் கன்சோலில் (தேடலிலிருந்து எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று தளக்காரருக்குக் காட்டும் கூகுளின் கருவி) கடந்த ஒரு வருடத்தைத் திறந்து, யாராவது வந்து படிக்கும் பக்கங்களை முதலில் தனியே எடுத்துவையுங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் நாலு பக்கத்தை ஒன்றாகச் சேர்த்து எழுதி, பழைய முகவரிகளைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். நோய் தீரும் என்று சொல்லும் பக்கம் இருந்தால் அதை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதற்குக் கன்சோல் பார்க்க வேண்டியதில்லை. யாரும் வராத, உங்களுக்கே மறுபடி படிக்கப் பிடிக்காத மிச்சத்தைப் பொறுமையாகக் கழித்துக்கொள்ளலாம்.

எங்கள் காலண்டர் அட்டையில் இப்போது புதுசாக ஏறியிருப்பது தேங்காய் எண்ணெய். மார்கழி விடியற்காலையில் பாட்டிலில் உறைந்துவிட்டது, மெழுகு கலந்திருக்கிறதா என்று ஊட்டியிலிருந்து ஒருவர். 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும், ஊட்டியில் அது கிட்டத்தட்ட வருடம் முழுவதும். அடுத்த கட்டுரை அதுதான், ஐப்பசியிலேயே போட்டுவிட வேண்டும். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து மணிக்கு ஒரு போட்டோ எடுக்க அத்தையிடம் இடம் கேட்டிருக்கிறேன், இட்லி மாவு தீர்ந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.